ஓநாய்க்குப் பல் இருக்கட்டும்

சென்ற இதழில் தேவதைக் கதைகளின் புதிய வடிவங்களைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர், பழைய கதைகளைக் கெடுக்கிறார்கள் என்கிறார்கள். மீதிப் பேர், பழைய கதைகள்தான் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்கிறார்கள். இரண்டு தரப்பையும் திட்ட என்னிடம் விஷயம் இருக்கிறது. ஆகவே இந்த மாதப் பக்கங்கள் முழுவதும் இதற்கே.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையில் ஓநாய் பாட்டியை விழுங்கும் இடம் வந்தால் போர்வைக்குள் போய்விடுகிறான். பயப்படுகிறானே என்று புதிதாக ஒரு படப் புத்தகம் வாங்கினேன். அதில் பாட்டி அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறாள். ஓநாய் மன்னிப்புக் கேட்டு, எல்லோரும் சேர்ந்து கேக் சாப்பிடுகிறார்கள். ஒரு தடவை கேட்டுவிட்டு, பழைய ஓநாய் கதைதான் வேண்டும் என்கிறான். பயப்படுகிறவன் எதற்காகப் பயமுறுத்தும் கதையையே கேட்கிறான்?

பதில்: உங்கள் மகன் விவரமான வாசகன். அவன் அறையைவிட்டு ஓடவில்லை என்பதைக் கவனித்தீர்களா? போர்வைக்குள் போகிறான், ஆனால் காது வெளியேதான் இருக்கிறது. எவ்வளவு பயம் தேவை என்பதை அவனே அளந்து எடுத்துக்கொள்கிறான். கேக் சாப்பிடும் ஓநாயிடம் அளக்க என்ன இருக்கிறது? பயமே இல்லாதபோது, அப்பாடா என்று மூச்சுவிடவும் வழியில்லை.

பல வருடங்களாக நான் குழந்தைகளை உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லி வருகிறேன். ஓநாய் கதவைத் தட்டும் இடத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்வார்கள். விழுங்கியதும் யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார்: பாட்டிக்கு வலித்ததா? இதற்குப் பதில் கதையிலேயே இருக்கிறது. முழுசாக விழுங்கியது, பல் படவில்லை. அதனால்தான் வேட்டைக்காரன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுக்கிறான். சுட்டால் உள்ளே இருக்கும் பாட்டிக்கு அடிபடும் அல்லவா? வயிற்றிலிருந்து குதித்த சிறுமி முதலில் சொல்வது, ஓநாயின் உள்ளே எவ்வளவு இருட்டு என்பதுதான். அந்த வரியைப் பிள்ளைகள் இரண்டாம் முறை சொல்லச் சொல்வார்கள். உள்ளே போய் வந்தவள் சொல்லும் செய்தி அல்லவா அது!

இந்த வேட்டைக்காரன் எல்லா வடிவங்களிலும் இருப்பவனும் இல்லை. 1697-இல் பிரான்சின் ஷார்ல் பெரோ அச்சிட்ட கதையில் ஓநாய் சிறுமியைத் தின்றதோடு முற்றுப்புள்ளி. யாரும் வரவில்லை. இனிக்க இனிக்கப் பேசும் ஓநாய்களே மிக ஆபத்தானவை என்று இளம்பெண்களுக்கு ஒரு எச்சரிக்கைச் செய்யுள், அவ்வளவுதான். 1812-இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட தொகுப்பில்தான் வேட்டைக்காரன் வந்து வயிற்றை வெட்டுகிறான். பிரெஞ்சுக் கிராமங்களில் 19-ஆம் நூற்றாண்டில் பதிவுசெய்த வாய்மொழி வடிவம் ஒன்றில், சிறுமி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அவசரமாக வெளியே போகவேண்டும் என்கிறாள். ஓநாய் அவள் காலில் கயிற்றைக் கட்டி அனுப்புகிறது. கயிற்றை அவிழ்த்து வாசலில் நிற்கும் மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுகிறாள்.

உங்களுக்கு என் சிபாரிசு வேறு. கிரிம் கதையின் முடிவிலேயே ஒரு வாலாக இன்னொரு குட்டிக் கதை ஒட்டியிருக்கிறது. பல புத்தகங்களில் அதை வெட்டிவிடுகிறார்கள். இன்னொரு நாள் இன்னொரு ஓநாய் வருகிறது. இந்தத் தடவை சிறுமி வழியில் நிற்காமல் நேராகப் பாட்டி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்துகிறாள். ஓநாய் கூரைமேல் ஏறிக் காத்திருக்கிறது. முந்தின நாள் இறைச்சிக் குழல்கள் வேகவைத்த தண்ணீரை வாசலிலுள்ள கல்தொட்டியில் ஊற்றச் சொல்கிறாள் பாட்டி. வாசனையில் மூக்கை நீட்டி நீட்டி, வழுக்கி, தொட்டியில் விழுந்து முழுகிப் போகிறது ஓநாய். கிழவியும் குழந்தையும் சேர்ந்து செய்த வேலை. துப்பாக்கியும் இல்லை, வேட்டைக்காரனும் இல்லை; ஆனால் ஓநாய்க்குப் பல் அத்தனையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். காப்பாற்றுகிற ஆளை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆபத்தை எடுத்துவிட்டால் காப்பாற்ற எதுவும் இருக்காது.

கேள்வி: நான் இரண்டாவது மனைவி. கணவரின் மகளுக்கு எட்டு வயது. இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் ஸ்னோ ஒயிட் வாசிக்கும்போது "சித்தி" என்ற சொல் வரும் இடங்களில் என்னை ஓரக்கண்ணால் பார்க்கிறாள். அந்தப் புத்தகத்தை ஒளித்துவைத்துவிடலாமா? நல்ல சித்தி வரும் புதிய கதைகள் உண்டா?

பதில்: ஒளிக்காதீர்கள் அம்மா. ஒளித்த புத்தகத்துக்கு இரட்டிப்புக் கவர்ச்சி. அதைவிட, அந்தக் கதைக்குப் பின்னால் நடந்ததை அவளிடம் சொல்லுங்கள். எட்டு வயதுக்கு நன்றாகப் புரியும்.

கிரிம் தொகுப்பின் 1812-இல் அச்சான முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் சித்தியே இல்லை. பெற்ற தாய். பனிபோல் வெளுப்பாக, ரத்தம்போல் சிவப்பாக ஒரு குழந்தை வேண்டும் என்று ஆசைப்பட்டாளே, அதே ராணிதான் பின்னால் மகளின் அழகைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள். 1819-இல் வந்த அடுத்த பதிப்பில் தாயைப் பிரசவத்தோடு சாகவைத்து, சித்தியைக் கொண்டுவந்தார்கள். ஹான்சல், கிரெட்டல் கதையிலும் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொன்னவள் முதலில் தாய்தான். 1840 பதிப்பில் சித்தியாகிவிட்டாள். பெற்றவள் இப்படிச் செய்வாளா என்று புத்தகம் வாங்கும் குடும்பங்கள் முகம் சுளிக்கக் கூடாது அல்லவா? பழியைத் தூக்கி, எதிர்த்துப் பேச ஆளில்லாத இடத்தில் இறக்கிவைத்துவிட்டார்கள். உங்கள் வீட்டு ஓரக்கண் பார்வைக்குக் காரணம் இருநூறு வருடத்துக்கு முந்தைய அந்தத் திருத்தம்தான்.

அடுத்து அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். இத்தனை நடக்கும்போது ராஜா எங்கே போனார்? ஸ்னோ ஒயிட்டில் அவருக்கு ஒரே ஒரு வேலை: ஒரு வருடம் கழித்து மறுமணம் செய்துகொள்கிறார். அதன்பின் ஆளைக் காணோம். மகள் காட்டில் திரிகிறாள், ஏழு குள்ளர்களுக்குச் சமைத்துப் போடுகிறாள், கண்ணாடிப் பெட்டியில் கிடக்கிறாள். தகப்பன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹான்சலின் அப்பாவாவது கொஞ்சம் தயங்கினார். ஆனாலும் கூடவே காட்டுக்குப் போனார். கதை முடியும்போது மனைவி செத்துப்போயிருக்கிறாள், அவருக்கு மட்டும் முழு மன்னிப்பு. நல்ல சித்தி வரும் புதிய கதைகள் இருக்கின்றன. பெரும்பாலும் நல்லொழுக்கப் பாடம்போல் சலிப்பூட்டுபவை. அவற்றைவிட, காணாமல் போன ராஜாவைத் தேடும் விளையாட்டு உங்கள் இருவருக்கும் பிடிக்கும். கணவர் பக்கத்தில் இருக்கும்போது விளையாடினால் இன்னும் நல்லது.

கேள்வி: 12 மணி அடித்ததும் தேர் பூசணிக்காயாகிறது, குதிரைகள் எலிகளாகின்றன, பட்டுடை கந்தலாகிறது. சிண்டரெல்லாவின் கண்ணாடிச் செருப்பு மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது? எந்தப் புதிய வடிவமும் இந்த ஓட்டையை அடைக்கவில்லையே!

பதில்: ஓட்டை இல்லை, பெரோவை நிதானமாக வாசித்தால் தெரியும். பூசணி தேரானது, எலி குதிரையானது, கந்தல் பட்டானது. இவை மந்திரத்தால் உருமாறியவை. கெடு முடிந்ததும் பழைய உருவுக்குத் திரும்புகின்றன. செருப்பு எதிலிருந்தும் மாறவில்லை. எல்லாம் முடிந்தபின் தேவதை அதைத் தனியாகக் கொடுக்கிறாள். திரும்புவதற்கு அதற்குப் பழைய உரு கிடையாது.

கேள்வி: எனக்கு வயது 71. என் பேத்திக்கு வாங்கித் தரும் கதைப் புத்தகங்களில் இளவரசி டிராகனை வெட்டுகிறாள், இளவரசன் துணி துவைக்கிறான், சூனியக்காரி மனநல ஆலோசனைக்குப் போகிறாள். மூலக்கதையை அப்படியே விட்டுவைத்தால் என்ன? புதுசாகச் சொல்ல விரும்பினால் புதுக்கதை எழுதட்டுமே.

பதில்: ஐயா, நீங்கள் சொல்லும் மூலக்கதை எது என்று முதலில் பிடிக்க வேண்டும். அது கையில் அகப்படாது.

கிரிம் சகோதரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1812 தொடங்கி 1857 வரை பெரிய தொகுப்பு மட்டும் ஏழு பதிப்புகள் கண்டது. ஒவ்வொன்றிலும் கைவைத்தார்கள், குறிப்பாகத் தம்பி வில்ஹெல்ம். முதல் பதிப்பில், கோபுரத்துக்குள் இருந்து நீண்ட கூந்தலைத் தொங்கவிட்டு ஆளை மேலே இழுக்கும் ரபுன்செல், என் உடைகள் ஏன் இறுகிப் போகின்றன என்று தன்னை அடைத்துவைத்தவளிடம் அப்பாவியாகக் கேட்கிறாள். அவள் கருவுற்றிருக்கிறாள். இதையா குழந்தைகளுக்குக் கொடுப்பது என்று கண்டனம் வந்தது. பிந்திய பதிப்புகளில், இளவரசனை மேலே இழுப்பதைவிட உங்களை இழுப்பது ஏன் கடினமாக இருக்கிறது என்று கேட்டு மாட்டிக்கொள்கிறாள். கர்ப்பம் போயிற்று, பெண் கொஞ்சம் மட்டியாகிவிட்டாள். குழந்தைகள் கசாப்புக் கடை விளையாட்டு விளையாடி ஒருவனைக் கொன்றுவிடும் கதை ஒன்று 1812-இல் இருந்தது. அடுத்த பதிப்பிலேயே காணோம். நீலத்தாடிக்காரன் கதையும் பூட்ஸ் அணிந்த பூனையும், பிரெஞ்சுச் சரக்கு என்று வெளியேற்றப்பட்டன.

சரி, கிராமத்துப் பாட்டிகள் வாயிலிருந்து அப்படியே எழுதிக்கொண்டவை என்கிறார்களே, அதுவாவது? கதை சொன்னவர்களில் பலர் காசல் நகரத்து வசதியான வீட்டு இளம்பெண்கள். அவர்களில் ஒருத்தியான டோர்ச்சன் வில்டை வில்ஹெல்ம் 1825-இல் கல்யாணமே செய்துகொண்டார். பெயர்பெற்ற பாட்டியான டொரோத்தியா ஃபீமான் சத்திரக்காரர் மகள். பிரான்சிலிருந்து குடியேறிய வம்சம். அவர் சிறு வயதில் யார் யாரிடம் கேட்டாரோ!

சிண்டரெல்லா இன்னும் பழையவள். 9-ஆம் நூற்றாண்டுச் சீனாவில் துவான் செங்ஷி எழுதிவைத்த கதையில் யே ஷியான் என்ற பெண்ணுக்கு உதவுவது ஒரு மீனின் எலும்புகள். தங்கச் செருப்பைத் தொலைக்கிறாள். 1893-இல் மரியன் காக்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி இந்தக் கதைக்கும் இதன் உறவுக் கதைகளுக்கும் 345 வடிவங்களைத் திரட்டிப் புத்தகம் போட்டார். இவற்றில் எதை அப்படியே விட்டுவைப்பது?

ஆனால் உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது, அதை மழுப்ப மாட்டேன். இளவரசி கையில் வாளைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் புத்தகங்கள் மலிந்துவிட்டன. அவளுக்குப் பயம் கிடையாது, இழப்பு கிடையாது. முதல் பக்கத்திலிருந்தே அவள்தான் கெட்டிக்காரி. டிராகனைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கடற்கன்னியை நினைத்துப் பாருங்கள். 1837-இல் டென்மார்க்கின் ஆண்டர்சன் எழுதிய கதையில் அவள் நாக்கை அறுத்துக் கொடுத்துக் கால்களை வாங்குகிறாள். ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதுபோல் வலிக்கிறது. இளவரசன் வேறொருத்தியைக் கல்யாணம் செய்துகொள்கிறான். அவனைக் குத்திவிட்டால் பிழைக்கலாம் என்று கத்தி கையில் வருகிறது. குத்தாமல் கடலில் குதித்து நுரையாகிறாள். 1989-இல் வந்த சினிமாவில் கல்யாணம் நடந்துவிட்டது. பாட்டுகள் நன்றாக இருந்தன, கத்தி போய்விட்டது. ஆகவே உங்கள் பேத்திக்குப் புத்தகம் வாங்கும்போது யார் டிராகனை வெட்டுகிறார் என்று பார்க்காதீர்கள். வெட்டுகிறவர் என்ன விலை கொடுக்கிறார் என்று பாருங்கள். இளவரசன் துணி துவைப்பதைப் பொறுத்தவரை, துவைக்கட்டுமே, நமக்கென்ன?

கேள்வி: தூங்கும் பெண்ணை அவள் சம்மதம் கேட்காமல் முத்தமிடுவதை இன்றைய பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

பதில்: முத்தமே இல்லாமல் சொல்லலாம். தூங்கும் அழகி கதையைப் பெரோ அப்படித்தான் சொன்னார். இளவரசன் அவள் பக்கத்தில் மண்டியிடுகிறான்; சாபத்தின் 100 வருடக் கெடு அன்றோடு முடிகிறது; அவள் தானாகக் கண் விழிக்கிறாள். கிரிம்மில் முத்தம் உண்டு. ஆனால் அங்கேயும் கெடு அன்றைக்குத்தான் முடிகிறது. அவனுக்கு முன்னால் வந்த இளவரசர்கள் முள்வேலியில் சிக்கிச் செத்தார்கள். இவனுக்கு முள்ளெல்லாம் பூவாகி வழிவிட்டது. கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை, சரியான தேதியில் வந்து சேர்ந்தான். ஸ்னோ ஒயிட்டும் கிரிம்மில் முத்தத்தால் எழவில்லை. பெட்டியைச் சுமந்தவர்கள் புதரில் இடறினார்கள், தொண்டையில் சிக்கிய ஆப்பிள் வெளியே விழுந்தது. முத்தம் 1937 சினிமாவின் உபயம்.

இதற்கெல்லாம் முன்னால் இத்தாலியில் பாசிலே எழுதி, 1634 முதல் 1636 வரை அச்சான தொகுப்பில் இருக்கும் வடிவத்தைப் பிள்ளைகளிடம் சொல்லவே முடியாது. அங்கே ஓர் அரசன், அதுவும் மணமானவன், தூங்கும் பெண்ணிடம் வல்லுறவு கொண்டு போய்விடுகிறான். அவள் தூக்கத்திலேயே இரட்டைக் குழந்தைகள் பெறுகிறாள். பால் தேடிய குழந்தை அவள் விரலைச் சப்ப, குத்தியிருந்த சிராய் வெளியே வந்து விழிக்கிறாள். எழுப்பியது குழந்தை.

இன்றைய எழுத்தாளர்களில் சிலர் இந்த முத்தத்தை நன்றாகத் தைத்திருக்கிறார்கள். 2014-இல் வந்த 'மெலிஃபிசென்ட்' படத்தில் இளவரசன் முத்தம் பலிக்கவில்லை. சபித்தவளே குற்ற உணர்வோடு நெற்றியில் கொடுத்த முத்தம் பலித்தது. அதைவிட எனக்குப் பெரியது, ஜேன் யோலன் 1992-இல் எழுதிய நாவல். ஒரு பாட்டி பேத்திகளிடம் வாழ்நாளெல்லாம் தூங்கும் அழகி கதையையே சொல்கிறாள். அவள் இறந்தபின் ஒரு பேத்தி அது பாட்டியின் சொந்தக் கதை என்று கண்டுபிடிக்கிறாள். போலந்தில் நாஜிகளின் கெல்ம்னோ கொலைக்களத்தில் விஷவாயுவில் மயங்கிப் பிணங்களோடு கிடந்தவளைப் போராளிகள் வெளியே எடுத்து, வாயில் வாய் வைத்து மூச்சு ஊதிப் பிழைக்கவைத்தார்கள். முத்தம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். இது பெரியவர்களுக்கானது. உங்கள் பிள்ளைகளுக்கு, கெடு முடிந்தது, எழுந்தாள் என்று சொல்லுங்கள், போதும்.

கேள்வி: சிண்டரெல்லா கதையை மூத்த சகோதரியின் பார்வையில் மறுபடி எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் பிரதியை இணைத்திருக்கிறேன். தயவுதாட்சண்யம் இல்லாமல் கருத்துச் சொல்லுங்கள்.

பதில்: கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். உங்கள் முதல் வரி: "நான் கெட்டவள் அல்ல, உலகம் என்னைத் தவறாகப் புரிந்துகொண்டது." இது வக்கீல் எழுதிய வரி. குற்றம் என்னவென்று தெரிவதற்கு முன்பே எதிர்வாதம் வந்துவிட்டது. வில்லனின் பார்வையில் எழுதுகிற பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். வாசகர் அவளைப் பார்ப்பதற்குள் அவளுக்கு வக்காலத்து வாங்கிவிடுகிறீர்கள்.

இரண்டாவது, அக்காவுக்கு வெள்ளையடிக்கச் சிண்டரெல்லாமேல் கரி பூசியிருக்கிறீர்கள். உங்கள் கதையில் அவள் தந்திரக்காரி, வேண்டுமென்றே செருப்பை விட்டுவிட்டு வருகிறாள், அழுவதெல்லாம் நடிப்பு. நல்லவளும் கெட்டவளும் இடம் மாறி உட்கார்ந்தார்கள், நாற்காலிகள் அப்படியே இருக்கின்றன. அடுத்து, எட்டாம் பக்கத்தில் அக்கா சமையலறையில் நின்றுகொண்டு பெண்ணுரிமை பற்றி ஒன்றரைப் பக்கம் பேசுகிறாள். கருத்தெல்லாம் எனக்கும் உடன்பாடே. ஆனால் யாரிடம் பேசுகிறாள்? எதிரே அடுப்புதான் இருக்கிறது. அகலிகையைப் புதுமைப்பித்தன் மறுபடி எழுதியபோது அவளுக்குச் சொற்பொழிவா கொடுத்தார்? சீதையிடம் ராமன் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்டாள்; மறுபடி கல்லானாள். செயல் ஒன்று போதும்.

இப்போது நல்ல செய்தி. உங்கள் பதினோராம் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியமாகக் கடந்துபோகிற இடம் இருக்கிறது: "அம்மா கத்தியைக் கொண்டுவந்தாள்." அங்கேதான் கதை கிடக்கிறது, நீங்கள் அதைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். கிரிம்மில் அந்த இடத்தைத் திரும்ப வாசியுங்கள். செருப்போடு மூத்தவள் தன் அறைக்குள் போகிறாள், அம்மாவும் கூடவே. கட்டை விரல் இடிக்கிறது. அம்மா கத்தியை நீட்டி, விரலை வெட்டிவிடு, ராணியான பிறகு நீ நடக்கவே வேண்டியதில்லை என்கிறாள். அவள் வெட்டுகிறாள். வலியைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து இளவரசனோடு குதிரையில் ஏறுகிறாள். கல்லறைப் பக்கம் போகும்போது மரத்திலிருக்கும் புறாக்கள், செருப்பில் ரத்தம் என்று கூவுகின்றன. அவன் குனிந்து பார்க்கிறான், ரத்தம் வழிகிறது. குதிரையைத் திருப்புகிறான். அதன்பின் தங்கை உள்ளே போகிறாள். அவளுக்குக் குதிகால் இடிக்கிறது. அதே அம்மா, அதே வார்த்தை.

அந்த அறைக்குள் இருங்கள். அம்மா கத்தியைத் தயாராக வைத்திருந்தாளா, தேடி எடுத்தாளா? எத்தனை நாளாக வைத்திருந்தாள்? வெட்டியது யார் கை? வீடு திரும்பியவள் தங்கை உள்ளே போவதைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாளா, வாயை மூடிக்கொண்டாளா? சொல்லாமல் இருந்தால் ஏன்? அவள் நல்லவளா கெட்டவளா என்று நீங்கள் எழுதவே வேண்டாம். தங்கைக்குச் சொன்னாளா இல்லையா என்பதிலேயே எல்லாம் வந்துவிடும். சிண்டரெல்லா இந்தக் கதையில் மூன்று வரிக்குமேல் தேவைப்பட மாட்டாள்.

நீலத்தாடிக்காரன் கதையை ஆங்கில எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டர் 1979-இல் எப்படி எழுதினார் என்று பாருங்கள். பழைய கதையில் மனைவியர் பிணங்கள் கிடக்கும் அறை, ரத்தம் படிந்த சாவி, தலையை வெட்டப் போகும் கணவன். கடைசி நிமிடத்தில் அவளுடைய சகோதரர்கள் வந்து காப்பாற்றுகிறார்கள். கார்ட்டர் அறையைத் தொடவில்லை, சாவியைத் தொடவில்லை, வாளையும் தொடவில்லை. சகோதரர்களுக்குப் பதில் பெண்ணின் அம்மா குதிரையில் பாய்ந்து வந்து அவனைச் சுடுகிறாள். காப்பாற்றுகிற ஆள்தான் முக்கியமான மாற்றம். அதனால் தாய்க்கும் மகளுக்கும் இடையில் முன்னால் நடந்ததெல்லாம் வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. உங்கள் பிரதியில் நான் எண்ணிய அளவில் பதினாறு மாற்றங்கள். கடைசியில் அக்கா காலணிக் கம்பெனி ஆரம்பிக்கிறாள். அதை மட்டும் எடுத்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

திருத்தி மறுபடி அனுப்புங்கள். கத்தி அறையிலிருந்து ஆரம்பித்தால் வாசிக்கிறேன்.

கேள்வி: எட்டாம் வகுப்பு ஆசிரியை நான். மறுகூறலை வகுப்பில் பயிற்சியாகக் கொடுக்க எளிய வழி ஏதாவது உண்டா?

பதில்: டீச்சர், முதலில் இரண்டு சின்னப் புத்தகங்களை வாசித்துக் காட்டுங்கள். ஒன்று, ஜான் செஸ்கா 1989-இல் எழுதிய மூன்று பன்றிக்குட்டிகள் கதை. ஓநாய் சிறையிலிருந்து தன் தரப்பைச் சொல்கிறது: சர்க்கரை கடன் கேட்கத்தான் போனேன், ஜலதோஷம், தும்மினேன், வீடு விழுந்துவிட்டது. பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு, இந்த ஓநாயை நம்பலாமா என்று கேளுங்கள், வகுப்பு இரண்டாகப் பிரியும். இன்னொன்று, ராபர்ட் மன்ஷ் 1980-இல் எழுதிய காகிதப்பை இளவரசி. டிராகன் உடைகளை எரித்துவிட்டதால் காகிதப்பையை மாட்டிக்கொண்டு போய், டிராகனைப் புகழ்ந்து புகழ்ந்தே களைக்கவைத்து இளவரசனை மீட்கிறாள். அவன் நன்றி சொல்லாமல், உடை சரியில்லை என்கிறான். கல்யாணம் நடக்கவில்லை.

பயிற்சிக்கு, பார்வையை மாற்றி எழுது என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எல்லோரும் ராணிக்கும் ஓநாய்க்கும் வக்காலத்து எழுதுவார்கள். கதையில் பேசாமல் நழுவிப்போகிற ஆளைக் கொடுங்கள். ஸ்னோ ஒயிட்டைக் கொல்லப் போன வேட்டைக்காரன் அவளை ஓடவிட்டுவிட்டு, ஒரு பன்றிக்குட்டியைக் கொன்று அதன் நுரையீரலையும் ஈரலையும் ராணியிடம் கொண்டுபோகிறான். அவள் உப்புப் போட்டுச் சமைக்கச் சொல்லித் தின்கிறாள். மாயக்கண்ணாடி உண்மையைச் சொன்ன அன்று அவன் எங்கே இருந்தான்? அன்றிரவு மனைவிக்கு அவன் எழுதிய கடிதம், ஒரு பக்கம். மதிப்பெண் போட எனக்கு அனுப்பிவிடாதீர்கள்.

கேள்வி: இந்தக் கதைகளை எடுத்தாள யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: பெரோ, கிரிம், ஆண்டர்சன் ஆகியோரின் கதைகளுக்கு வேண்டாம். ஆண்டர்சன் 1875-இல் காலமானார், மற்றவர்கள் அதற்கும் முன்னால். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருடத்தில் காப்புரிமை தீர்ந்துவிடும். கவனிக்க வேண்டியவை இரண்டு. சமீபத்திய மொழிபெயர்ப்பிலிருந்து வரிகளை எடுத்தால் மொழிபெயர்ப்பாளரின் உரிமை குறுக்கே வரும். சினிமாக்காரர்கள் சேர்த்தவை அவர்களுடையவை: கிரிம்மில் ஏழு குள்ளர்களுக்குப் பெயர் கிடையாது, 1937 படம் வைத்த பெயர்களையும் உருவங்களையும் தொடாதீர்கள். அமெரிக்காவில் அந்தப் படத்தின் காப்புரிமை 2032 முடியும்வரை உண்டு. நீங்களே ஏழு பெயர் வையுங்கள், என்ன கஷ்டம்?

கேள்வி: எல்லோருக்கும் அறிவுரை சொல்கிறீர்கள். நீங்கள் எழுதினால் எந்தக் கதையை மறுபடி எழுதுவீர்கள்?

பதில்: தவளை ராஜா. இளவரசி தவளையை முத்தமிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கிரிம்மில் அவள் எரிச்சலில் அதைச் சுவரில் ஓங்கி அடிக்கிறாள், அப்போதுதான் அது இளவரசனாகிறது. ஆனால் எனக்கு இருவர்மீதும் அக்கறை இல்லை. அந்தக் கதையின் தலைப்பிலேயே இன்னொருவன் இருக்கிறான்: இரும்பு ஹைன்ரிஷ். இளவரசனின் வேலைக்காரன். எஜமான் தவளையானபோது துக்கத்தில் நெஞ்சு வெடித்துவிடக் கூடாது என்று மூன்று இரும்புப் பட்டைகளை மார்பில் பூட்டிக்கொண்டான். கடைசியில் வண்டியில் புதுமணத் தம்பதியை ஏற்றிக்கொண்டு போகும்போது படார் என்று சத்தம். வண்டி உடைகிறது என்கிறான் இளவரசன். இல்லை, என் நெஞ்சுப் பட்டை என்கிறான் ஹைன்ரிஷ். மூன்று தடவை இதே சத்தம். ஒவ்வொன்றையும் வண்டி உடைவதாகவே நினைக்கிறான் அந்த மகராசன். புதிய படப் புத்தகங்கள் பலவற்றில் ஹைன்ரிஷையே வெட்டிவிட்டார்கள்.

அந்தப் பட்டைகளைப் பூட்டிய கொல்லனைத்தான் நான் கதை சொல்ல வைப்பேன். என்ன கூலி கேட்டான், எதற்கு என்று விசாரித்தானா, மூச்சுவிட எத்தனை விரற்கடை இடம் விட்டான் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். முதல் இரண்டு பக்கம் எழுதியாயிற்று. ஆசிரியர் இந்தப் பத்தியை வாசிக்கும்போது இதையே விண்ணப்பமாக எடுத்துக்கொண்டு தீபாவளி மலரில் இடம் ஒதுக்கட்டும்.